வியூஃபைண்டரில் ஒரு சாம்பல் திட்டு

சர்க்கரை உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் பார்க்கவில்லை. நேரமில்லை என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். என் அப்பாவுக்குச் சர்க்கரை முதலில் வலது கண்ணைத் தின்றது, பிறகு இடது கண்ணை. நடுப்பகலில் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் இன்னும் லைட்டைப் போடல?" என்று அம்மாவைக் கேட்பார். அந்தக் கேள்வி காதில் விழுந்தால் நான் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். எனக்கும் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, கண் ஆஸ்பத்திரி போர்டு கண்ணில் பட்டாலே எதிர்ப்பக்கம் போய் நடக்கிற ஆள் நான்.

அப்படிப்பட்டவளுக்குப் போய் வானத்தின் மேல் ஆசை வந்தது. மயிலாடுதுறையில் ஒரு கல்லூரி மைதானத்தில் தொலைநோக்கி வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் வானம் காட்டினார்கள். சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் கீழே புகை மாதிரி ஒன்று இருக்கிறது, அதைப் பாருங்கள் என்றார்கள். வலது கண்ணை வைத்துப் பார்த்தேன். நேராகப் பார்த்தால் காணோம், பார்வையைச் சற்று ஒதுக்கினால் வந்து நின்றது. ஐயோ, மறைகிறதே என்றேன். தொலைநோக்கியைக் காட்டிக்கொண்டிருந்தவர், "மங்கலா இருக்கறத நேரா பாக்கக் கூடாதுங்க, ஓரக்கண்ணால பாருங்க. எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். வானம் பார்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த நுணுக்கம் அது. அன்றிலிருந்து ஏதாவது கண்ணெதிரே மறைந்தால், பரவாயில்லையே, நமக்கும் தொழில் பிடிபட்டுவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். கூறுகெட்டவள்.

அந்தப் புகையைப் படம் எடுக்க வேண்டும் என்று பிடிவாதம் வந்தது. போனில் எடுத்தால் கறுப்புத் துணியில் பொரி சிந்தினது மாதிரிதான் வந்தது. வானம் பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். புதுசு எதற்கு, கைக்கு அடங்கிய விலையில் பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்று போதும் என்றார்கள். வீடியோ எப்படி, வேகம் எப்படி என்றெல்லாம் பார்க்க வேண்டியதில்லையாம். ஷட்டர் முப்பது விநாடி திறந்து நிற்க வேண்டும், திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்ய முடிய வேண்டும், அவ்வளவுதான். லென்ஸை மூடி போட்டு மூடிவிட்டு நீளமாக ஒரு படம் எடுத்துப் பாருங்கள், கறுப்பில் சிவப்பும் பச்சையுமாகப் புள்ளிகள் நிறைய வந்தால் வாங்காதீர்கள் என்றார்கள். கடைசியாக ஒருவர், கடலோரத்துக் கேமரா என்றால் உஷார், உப்புக் காற்றில் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும், வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சோதியுங்கள் என்று எழுதினார். பூஞ்சை என்ற அந்த ஒரு வார்த்தை என் மண்டையில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

நான் பத்திரம் எழுதுகிறவள். குத்தாலத்தில் என் கடைக்கு வருகிறவர்களுக்கு சர்வே நம்பரும் நாலு எல்லையும் தட்டிக் கொடுப்பதுதான் பிழைப்பு. ஓர் எண் மாறினால் ஒருத்தர் வயல் இன்னொருத்தருக்குப் போய்விடும். அதனால் கத்திரிக்காய் வாங்கினாலும் காம்பைத் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குவேன். வாயும் கொஞ்சம் நீளம். என் கணவருக்கு வயல் உண்டு, தான் உண்டு. அண்ணாந்து பார்த்தால் மழை வருமா என்று பார்ப்பதோடு சரி. "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்று கேட்டுச் சிரித்தாலும், சம்பா அறுவடை முடிந்து சும்மா இருந்ததால் கூடவே கிளம்பினார்.

முதலில் நாகப்பட்டினம். கல்யாணப் படம் எடுக்கிற ஒரு தம்பி தன் பழைய கேமராவை விற்கிறார் என்று தகவல். மூடி போட்டு எடுத்த படம் சுத்தமாக வந்தது. எனக்கே ஆச்சரியம். பிறகு வியூஃபைண்டரில் கண்ணை வைத்து ஸ்டூடியோவின் வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். நடுவில், சற்றே இடப்பக்கம் தள்ளி, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு.

"பூஞ்சை இருக்கு தம்பி" என்றேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். துடைத்தார். மறுபடியும் பார்த்தார். "ஒண்ணும் இல்லையேக்கா. உங்க கண்ணு பவருக்குச் சரியா வச்சுக்குங்க, பக்கத்துல சின்னச் சக்கரம் இருக்கு பாருங்க."

"சக்கரமெல்லாம் திருப்பிப் பாத்துட்டேன். விக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகம் வாடிவிட்டது. என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். கடலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும் என்று நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

அடுத்தது நாகூர். வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர், கடை வைத்திருக்கிறார். கேமராவை அங்கிருந்து கொண்டுவந்தாராம். பெட்டி, பில், வார் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலங்களைக்கூட மாற்றி மாற்றிப் போட்டு வைத்திருந்தார். எனக்குப் பிடித்துப்போய்விட்டது. கடையின் வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். அதே திட்டு.

"என்ன பாய், இதுலயும் பூஞ்சை புடிச்சிருக்கே?"

"இருக்காதுங்களே. புள்ள மாதிரி வச்சிருந்தேன்." அவர் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்தார். "எனக்குத் தெரியலம்மா. உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா விட்டுருங்க."

அவர் தன்மையாகப் பேசினது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஊரெல்லாம் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறது என்றே நம்பினேன். ஆனால் திரும்பி வருகிற வழியில் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இரண்டு கேமராவிலும் ஒரே இடத்தில் எப்படி? உப்புக் காற்று, உப்புக் காற்று என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று இரண்டு வேளை சர்க்கரை மாத்திரையைச் சேர்த்துப் போட்டேன். அப்படிப் போடக் கூடாது என்று தெரியும்.

கடல் இல்லாத ஊருக்குப் போவோம் என்று தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். பழைய கேமராக்களை வாங்கி விற்கிற கடை, ஏசி போட்டிருந்தது. ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கேமராக்களை வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுவரைப் பார்த்தேன். திட்டு.

"வேற குடுங்க."

வேறு கொடுத்தார். திட்டு. லென்ஸை மாற்றச் சொன்னேன். திட்டு. இன்னொன்று கேட்டேன், அதற்கடுத்து இன்னொன்று. மேஜை நிறைந்துவிட்டது. நான் விடுவதாக இல்லை என்று பார்த்துவிட்டு என் கணவர் ஒரு கேமராவை வாங்கித் தானும் பார்த்தார். "ஒண்ணுமில்லையேம்மா, பளிச்சுனு இருக்கு" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை ஒத்துக்கொள்ள உடம்பு மறுத்தது. கேமராவை வாங்கி, முதல் முறையாக இடது கண்ணை வைத்தேன். சுவர் வெள்ளை வெளேரென்று, ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. கேமராவைக் கீழே வைத்துவிட்டு, இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு வெறும் வலது கண்ணால் என் கணவரைப் பார்த்தேன். சட்டை தெரிந்தது. காது தெரிந்தது. தலைமுடி தெரிந்தது. மூக்கும் வாயும் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல்.

"என்ன மேடம், எதுவும் புடிக்கலையா?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கேமரா சரியில்ல" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முந்தானையால் முகம் துடைக்கிற மாதிரி ஒரு கண்ணை மறைத்து மறைத்துப் பார்த்தேன். அறுத்த வயல்களின் மேலே போகிற கரண்டுக் கம்பி, வலது கண்ணுக்கு நடுவில் தொய்ந்து நெளிந்தது. இடது கண்ணுக்கு நேராகப் போனது. கும்பகோணம் தாண்டியும் அதையே செய்துகொண்டிருந்தேன். ஒரு தடவையாவது இரண்டு கண்ணும் ஒன்றுபோலச் சொல்லாதா என்று பார்த்தேன். அப்பாவைப் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்தேன், அதனால் அவரையே நினைத்தேன். அவருக்கும் வலதுதான் முதலில்.

கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்று தோன்றியது. மறுநாள் கடையில் ஒரு பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு இடது கண்ணை மூடினேன். சர்வே நம்பரின் நடு எண்ணைக் காணோம். ஓரக்கண்ணால் பார்த்தால் வந்தது, நேராகப் பார்த்தால் போயிற்று. எழுதிக்கொள்ள வந்திருந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய வயல் என் கையில் இருக்கிறது, எனக்கோ எண் தெரியவில்லை. "உடம்பு சரியில்லைங்க, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டு, ஷட்டரை இழுத்து மூடி, வயலுக்கு நடந்தேன். என் கணவர் உளுந்து தெளித்திருந்த வயலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்க, எனக்கு ஒரு கண்ணு போயிருச்சு" என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவர் சிரிக்கவில்லை. வாய்க்காலில் காலைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு உட்காரவைத்தார்கள். சுற்றிலும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. என் கணவர் என் பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் என் கையையும் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா என் கண்ணை ஸ்கேன் எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். "விழித்திரைக்கு நடுவுல நீர் கோத்திருக்குங்க. கண்ணுக்குள்ள ஊசி போடணும். வத்தும். போன பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது."

"இன்னொரு கண்ணு?" என்று கேட்டேன்.

"அதுலயும் ஆரம்பம் இருக்கு. இப்போதைக்கு நடுவுல ஒண்ணும் இல்ல. சர்க்கரையைக் கட்டுல வைங்க. புதுசா புள்ளி, நெளிவு ஏதாவது தெரிஞ்சா அன்னைக்கே ஓடி வரணும்."

ஊசியைப் பற்றி என்னத்தைச் சொல்வது. வலி பெரிதாக இல்லை. ஆனால் கண்ணை மூட முடியாதபடி இமையை விரித்து வைத்துவிட்டார்கள். வருகிறதைப் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டியிருந்தது. "அம்மா, அம்மா" என்று சின்னப்பிள்ளை மாதிரி கத்தினேன்.

அதன் பிறகு வீட்டில் எனக்கு ஒரே வேலைதான். காலையில் எழுந்ததும் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடதால் கதவு நிலையைப் பார்ப்பேன், காலண்டரைப் பார்ப்பேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். அடுப்பில் பால் பொங்குகிறபோதும் பார்ப்பேன். தெருவில் யாராவது என்னோடு பேசிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் முகத்தில் மூக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன். "ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் பாப்பே?" என்று என் கணவர் கடிந்துகொண்டார். கேமராப் பேச்சையே நான் விட்டுவிட்டேன். வானத்தைப் பார்க்கவும் துணியவில்லை. அங்கே எதுவாவது மறைந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

இரண்டாவது ஊசி போட்டு வந்து கொஞ்ச நாள் கழித்து, ஒரு சாயங்காலம் அவர் தஞ்சாவூரிலிருந்து ஒரு பையோடு வந்தார். உள்ளே கேமரா. நாங்கள் போன அதே கடையில் வாங்கியிருக்கிறார்.

"உங்களுக்கு என்ன தெரியும்னு வாங்குனீங்க?" என்று பாய்ந்தேன்.

"நீ என்னென்ன பாத்தியோ அதெல்லாம் பாத்தேன். மூடி போட்டுப் படம் எடுத்தேன், புள்ளியை எண்ணிக்கூடப் பாத்தேன். இடது கண்ணால பாரு. அது நல்லாத்தானே இருக்கு."

வேண்டாம் என்றேன். அவர் விடவில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் எதிரே இருந்தது. வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இடது கண்ணை வைத்தேன்.

மேலே, வலப்பக்க மூலையில், கறுப்பாக ஒரு புள்ளி.

கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்து, சுவரிலும் அந்தப் புள்ளி இருந்துவிட்டால்? அப்பாவுக்கு இடது கண்ணில் எப்படி ஆரம்பித்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கறுப்பாகவா, சாம்பலாகவா, மூலையிலா, நடுவிலா? கண்ணை மூடியபடியே கேமராவை அவர் பக்கம் நீட்டினேன்.

"நீங்க பாருங்க."

"என்னத்தப் பாக்கணும்?"

"பாருங்கன்னா பாருங்களேன்!"

எங்கே, என்ன என்று சொல்லவில்லை. சொன்னால் எனக்காக, இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவது, சக்கரத்தை இப்படியும் அப்படியும் திருப்புவது, மூச்சு விடுவது எல்லாம் கேட்டது. இந்த மனுஷருக்கு எதிலும் அவசரமே கிடையாது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அட, மேல ஒரு புள்ளி இருக்கே" என்றார். "வலப்பக்க மூலையில. கடையில நான் கவனிக்கல பாரு. தூசியோட தலையில கட்டிட்டாங்க. நாளைக்கே போயி மாத்திட்டு வரேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். அவர் பதறிப்போய் கேமராவை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினார்.

"ஏம்மா, இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா? மாத்திக் குடுத்துருவாங்க."

"மாத்த வேணாம்" என்றேன். "இன்னொரு தடவ சொல்லுங்க. எங்க இருக்கு?"

"மேல" என்றார். "வலப்பக்கம்."