என் கடல் தண்ணீரை யார் எடுத்தது?

எண்பதுகளின் தொடக்கத்தில், சித்தூரில், என் வீட்டிலிருந்து தினமும் கடல் தண்ணீர் திருட்டுப் போகிறது என்று நான் மனப்பூர்வமாக நம்பினேன். நகை இல்லை, பாத்திரம் இல்லை, கடல் தண்ணீர். திருடுவது யார் என்றும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. அதை இப்போது நினைத்தாலும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

ஒரு வேலையாக மெட்ராஸ் போயிருந்தபோது ஒரு வளர்ப்பு மீன் கடையில் பட்டாம்பூச்சி மீன் ஜோடி ஒன்றைப் பார்த்துச் சொக்கிப் போனேன். உள்ளங்கை அகலம், மஞ்சள் உடம்பு, கண்ணை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை, வால் பக்கம் பொய்க் கண் மாதிரி ஒரு பொட்டு. கடல் மீன், கடல் தண்ணீரில்தான் வாழும் என்றார் கடைக்காரர். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்ணாடித் தொட்டி, காற்று மோட்டார், நான்கு கேன் கடல் தண்ணீர் சகிதம் பஸ் ஏறினேன். கண்டக்டர் கேன்களை முகர்ந்து பார்த்து, "சாராயமா?" என்று கேட்டார். கடல் என்றேன். அவர் நம்பவில்லை. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்துத் துப்பிய பிறகுதான் டிக்கெட் கிழித்தார்.

எனக்குத் திருப்பதியில் ஆபீஸ். காலையில் பஸ் ஏறினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு ரிட்டையர்டு டிரில் மாஸ்டரிடம் இருக்கும். எங்கள் சர்ச் சபையின் மூப்பர்களில் ஒருவர். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஓட வைத்த மனிதருக்கு இப்போது முட்டிவலி. மத்தியானம் வீட்டைத் திறந்து, பொடியாக நறுக்கிய இறாலை மீன்களுக்குப் போட்டுவிட்டுப் போவார். நான் கேட்டு அல்ல. அவராகவே செய்தார்.

ஒருநாள் அவர் கேட்டார்: "தம்பி, ஒரு சொம்பு கடல் தண்ணி குடேன். காய்ச்சி முட்டிக்கு ஒத்தடம் குடுத்தா நல்லதாம்."

மெட்ராஸிலிருந்து தோள் இறங்கச் சுமந்து வந்ததை முட்டிக்கா? முடியாது என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரல் வெயில் ஏறியது. தொட்டியில் தண்ணீர் இறங்கியது. கண்ணாடியில் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் கோடு போட்டேன். மறுநாள் சாயங்காலம் தண்ணீர் கோட்டுக்கு அரை விரல் கீழே. அதற்கடுத்த நாள் இன்னும் அரை விரல் கீழே. கொசுவலை அடித்த மரச்சட்டம்தான் தொட்டிக்கு மூடி. அதை நூலால் கட்டி, ஆபீஸிலிருந்து கொண்டுவந்த அரக்கை உருக்கி முத்திரையே வைத்தேன். இறால் போட ஒரு விரல் ஓட்டை மட்டும் விட்டேன். முத்திரை உடையவில்லை. தண்ணீர் குறைந்தது. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. மண்ணெண்ணெய் எடுப்பது போல அந்த ஓட்டையில் ரப்பர் ட்யூபை விட்டு வாயால் உறிஞ்சுகிறார் என்று முடிவு கட்டினேன். எழுபதை நெருங்கும் மூப்பர், கடல் தண்ணீரை, வாயால்! இதையெல்லாம் யோசிக்க எனக்கு மூளை இருந்தது பாருங்கள்.

அந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, நான் குரலை உயர்த்தினேன். "மாஸ்டர், கேட்டு வாங்கறது ஒரு தினுசு, சாவிய வெச்சிக்கினு எடுக்கறது ஒரு தினுசு. உங்க முட்டி சரியாயிடுச்சா?"

அவர் என்னையே பார்த்தார். "இன்னா சொல்ற நீ?" என்றார். நான் சொன்னேன். கோடு, முத்திரை, ட்யூப், எல்லாம் விலாவாரியாகச் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மனைவி கையில் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

திருடனை விரட்டியாகிவிட்டது. குறைந்த இடத்தை நிரப்ப, மிச்சம் வைத்திருந்த கடல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி வந்தேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே! ஆனால் தண்ணீர் குறைவது நிற்கவில்லை. இப்போது சாவி எங்கள் இருவரிடம் மட்டுமே இருந்தது. எங்கள் வீட்டிலேயே அவருக்கு ஓர் ஆள் இருக்கிறது என்று நினைத்து மனைவியைச் சந்தேகப்பட்டேன். அதை வாய்விட்டுச் சொல்லாததுதான் அந்த மாதம் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. மனதில் பகை வைத்துக்கொண்டு அப்பத்தை வாங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். மாஸ்டர் பெஞ்சை விட்டு எழவில்லை. எத்தனையோ வருடமாக முதல் வரிசையில் முழங்கால் போடுகிறவர், வலியோடும் போடுகிறவர், உட்கார்ந்தே இருந்தார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் போய் வாங்கினேன். வெட்கமே இல்லாமல் வாங்கினேன்.

அந்த வாரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மஞ்சள் வெளுத்தது. விஷம் வைத்துவிட்டாரோ என்று நான் வீட்டுக்குள் குதித்தேன். மனைவி தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணியது.

"ஏங்க, வெயில்ல தண்ணி ஆவியா போயிக்கினே இருக்குது. உப்பு எங்க போவும்? கொழம்பு வத்திப் போச்சுன்னா தண்ணி ஊத்துவாங்களா, இன்னொரு சட்டி கொழம்ப ஊத்துவாங்களா?"

கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்து ஒருநாள் வைத்து, ஒவ்வொரு தம்ளராக ஊற்றினோம். பெரிய மீன் மறுநாள் செத்தது. சின்னது பிழைத்தது.

பெரியது செத்த அன்று சாயங்காலமே மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். சமையலறையில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். ஆவி, உப்பு, குழம்பு எல்லாவற்றையும் சொல்லி, மன்னிக்க வேண்டும் என்றேன். கையை அலம்பாமலே கேட்டார்:

"திருடன்னு முற்றத்துல சொன்னே. மன்னிப்ப மட்டும் அடுப்பங்கரையில வந்து கேக்கறியா நைனா?"

அடுத்த ஞாயிறு முற்றத்திலேயே கேட்டேன். சத்தமாக, என் முட்டாள்தனம் முழுவதையும் சொல்லிக் கேட்டேன். மாஸ்டர் என் தோளில் ஒரு குத்து விட்டார். மறுமாதம் திருவிருந்துக்கு முதல் வரிசையில் முழங்கால் போட்டார்.

ஆனால் நான் மன்னிப்புக் கேட்ட அன்று வேலூரில் ஒரு கல்யாணம். சபையில் பாதிப் பேர் ஊரில் இல்லை. நான் பழி சொன்னதைக் கேட்டவர்களில் சிலர், அவரை அடக்கம் பண்ணிய நாளில்கூட, "நல்ல மனுசன்தான், அந்தத் தண்ணி விஷயம் ஒண்ணுதான்" என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்.