கல்லை மட்டும் எடுங்க, மச்சான்

மாப்பிள்ளை கலியபெருமாள் போய்விட்டார் என்ற சேதி வந்தபோது, பெரம்பலூரில் என் கடையில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தேன். மாவட்டத்திலேயே பெரிய அதிகாரியின் வண்டி. பெயர் சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை. பக்கத்து மருந்துக்கடைக்கு எனக்குப் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். பேசியது என் தங்கை மலர்க்கொடி, மாப்பிள்ளையின் சம்சாரம்.

"அண்ணே, அவரு எந்திரிக்கலண்ணே."

"தண்ணி தெளிச்சுப் பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சு. டாக்டரும் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. நீ வா."

ஊசியை ரெக்சினிலேயே குத்தி வைத்துவிட்டு அரியலூர் பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடமில்லை. என் முகத்தைப் பார்த்ததும் பஸ்ஸில் பாதிப் பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள். அப்படிப்பட்ட துக்கம்.

வீட்டில் கூட்டம். சிமெண்டு ஆலையில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் வந்து, "போஸ்டர் அடிக்கணுங்க. அண்ணன் போட்டோ ஒண்ணு குடுங்க" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். சுவர் முழுக்கப் படம்தான். ஒன்றில் எருக்கஞ்செடியின் மேல் சிமெண்டுத் தூசி. ஒன்றில் மழைக்குப் பிறகு தேங்கிய குட்டை. ஒன்றில் லாரி டயருக்குப் பக்கத்தில் படுத்திருக்கும் நாய். மனித ஜாதியைச் சேர்ந்தவர் ஒருவர்கூட இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் கேமராவைத் தாலி மாதிரி கழுத்தை விட்டுக் கழற்றாத ஆள், தன் படம் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை. இப்படி ஒரு கூறுகெட்ட படக்காரரை உலகத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

கல்யாணப் படத்தைக் கொண்டு வந்தார்கள். மலர்க்கொடி பார்த்துவிட்டு, "அது யாரோ ஒரு பையன்ணே. அந்தப் பையனை எனக்கே சரியாத் தெரியாது" என்று திருப்பிக் கொடுத்தாள். வாக்காளர் அட்டையில் இருந்ததைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள். அடுப்பில் வைத்த சட்டியின் பின்பக்கம் மாதிரி வந்தது. கடைசியில் போஸ்டரில் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குத்துவிளக்கைப் போட்டு அடித்தார்கள். படம் பிடிப்பவருக்குக் குத்துவிளக்கு. பஸ் ஸ்டாண்டில் அதைப் பார்த்த எனக்குத்தான் தலைகுனிவு.

எல்லாம் முடிந்து திரும்பி வந்த பிறகு மலர்க்கொடி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அண்ணே, காரியத்துக்குள்ள அவரு மூஞ்சி எனக்கு வேணும். கண்ணை மூடுனா, நேத்து மூக்குல பஞ்சு வச்சுக் கெடந்த மூஞ்சிதான் வருது. பேசுற மூஞ்சி வேணும்ணே."

"அண்ணன் இருக்கேன்ல" என்றேன். எப்படிக் கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த நினைவு மலரில் மற்றவர்கள் எல்லாரும் அவரைக் கலைச்செம்மல் என்று எழுதப் போகிறார்கள். நான் எட்டாவதைப் பாதியில் விட்டவன். ஆனால் உண்மையைப் பாதியில் விட்டவன் இல்லை.

முதலில் அந்தக் கேமரா. செட்டிகுளம் மலையைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர், என் கடையில் என் தையலைப் பார்த்து மயங்கிப் போய், கழுத்தில் இருந்ததைக் கழற்றி என் கையில் கொடுத்தார் என்று நான் சொல்வதுண்டு. திருச்சியில் பழைய சாமான் கடையில் வாங்கியது என்று மலர்க்கொடி சொல்வாள். எப்படிப் பார்த்தாலும் நான் கூட இருந்தேன், அதுதான் முக்கியம். அன்றைக்கே நான் மாப்பிள்ளைக்கு விளக்கிச் சொன்னேன். "படம்னா ஆளு இருக்கணும் மாப்ள. ஆளு நேரா நிக்கணும். சட்டைப் பையில பேனா இருக்கணும்." அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச முடியாது. ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு ஆலையில் அவருக்கு லாரிக்கு எடை போடுகிற வேலை. எடைமேடையிலிருந்து ஒரு லாரி இறங்கி அடுத்த லாரி ஏறுவதற்குள் வெளியே வந்து தூசியைப் படம் எடுப்பார். தூசியைத் துடைப்பார்கள், தட்டுவார்கள், தும்முவார்கள். படம் எடுப்பார்களா?

அவர் மகளுக்குச் செட்டிகுளம் முருகன் கோயிலில் காது குத்தினோம். நான் தாய்மாமன். பட்டுச் சட்டை, மோதிரம், சீர்த்தட்டு என்று மலையே அதிரும்படி போய் இறங்கினேன். அன்றைக்கு முருகனைப் பார்க்க வந்தவர்கள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்க ஸ்டூடியோ ஆள் வேண்டாம், நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார் மாப்பிள்ளை. படம் கழுவி வந்தது. படிக்கட்டில் குவிந்து கிடந்த செருப்பு ஒரு படம். வாழைத்தார் ஒரு படம். காது குத்தும் படத்தில் பிள்ளையின் காது இருக்கிறது, கன்னத்தில் நிற்கிற ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கிறது, ஆசாரியின் விரல் இருக்கிறது, கீழே தாய்மாமன் மடி இருக்கிறது. தாய்மாமன் இல்லை.

"மாப்ள, நான் எங்க?"

"அதோ, உங்க முட்டி தெரியுது பாருங்க."

"முட்டிக்கா பட்டுச் சட்டை போட்டேன்?"

"காது குத்துறதுன்னா காதைத்தானே மச்சான் எடுக்கணும்?"

இந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லாமல் இல்லை. கோயில் படம் என்பதால் விட்டேன்.

அவருடைய பொழுதுபோக்குக்குத் தெருவையே பலி கொடுத்ததுதான் பெரிய கொடுமை. அந்தத் தெருவிலேயே பெரிய டிவி அவர் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமா பார்க்க அக்கம்பக்கம் எல்லாம் வந்து உட்காரும். இவர் படத்தை எல்லாம் ஸ்டூடியோவில் கொடுத்து ஒரு சிடியில் ஏற்றி வைத்திருப்பார். கதாநாயகி அழ ஆரம்பிக்கிற நேரம் பார்த்து சினிமாவை நிறுத்திவிட்டு இதைப் போடுவார். எதிர்வீட்டு அஞ்சலையக்கா மட்டும்தான் வாயைத் திறந்து கேட்கும்.

"இது என்னா தம்பி?"

"சாக்குக்கா. சிமெண்டு சாக்கு. காத்துல பறக்குது."

"அது எங்க வூட்டுக் கூரையிலயே பறக்குது. அதுக்கா அந்தப் பொண்ணு அழுவுறத நிறுத்துன?"

"நல்லாப் பாருக்கா. பறவை மாதிரி இல்ல?"

"சாக்கு மாதிரிதான் தம்பி இருக்கு."

எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாருக்கும் மேலே மாப்பிள்ளை சிரிப்பார், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். மானமுள்ள கலைஞன் அப்படிச் சிரிப்பானா? மலர்க்கொடி போண்டா போட்டுக் கொண்டு வருவாள். அந்தப் போண்டாவுக்காகத்தான் கூட்டம் கலையாமல் இருந்தது என்பதை இந்த நினைவு மலரின் வாயிலாகப் பதிவு செய்கிறேன்.

திருச்சியில் நடந்த ஒரு போட்டிக்குப் படம் அனுப்பினார். எடை போட வரிசையில் நிற்கிற லாரி, ஜன்னல் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டிரைவரின் கால், அவ்வளவுதான் படம். டிரைவர் தூங்குகிறாராம். கால் மட்டும் பார்த்தால் ஆள் தூங்குகிறாரா, செத்துவிட்டாரா என்று யாருக்குத் தெரியும்? ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். ஆறுதல் பரிசு என்றால் என்ன பொருள்? தோற்றுவிட்டாய், அழாதே என்று பொருள். ஒரு டிபன் கேரியர். அதன் மூடி அதற்குச் சேரவில்லை. முதல் பரிசு வாங்கிய படத்தில் முழு ஆள் ஒருவர் நேராக நின்றிருந்தார் என்று நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாப்பிள்ளையிடம் சொன்னேன். "மூஞ்சியை எல்லாரும்தான் பாக்குறாங்க மச்சான். பாக்காததை யாராச்சும் பாக்கணும்ல" என்றார். தோற்றவர்கள் இப்படித்தான் பேசுவார்கள்.

கடைசிக் காலத்தில் புத்தி கல்லுக்குப் போய்விட்டது. நம் பக்கத்து ஓடைகளில் கிளிஞ்சல் பதிந்த கல், நத்தை பதிந்த கல் எல்லாம் கிடக்கும். மாடு மேய்க்கிறவர்கள் எடுத்து எறிந்து விளையாடுவார்கள். இவர் அதைக் கழுவி, துடைத்து, பெண் பிள்ளைக்குச் சடை பின்னுகிற மாதிரி வெயிலில் திருப்பித் திருப்பி வைத்துப் படம் எடுப்பார். போன கோடையில் என்னையும் ஓர் ஓடைக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரி சுருண்ட ஒரு கல் கிடைத்தது. வெயில் சாய்வாக விழ வேண்டும், அதனால் இரண்டு கையாலும் கல்லை ஏந்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி, கேமராவை என் கழுத்தில் மாட்டிவிட்டார். அந்த நிமிஷம் அந்தக் கேமராவுக்கே ஒரு கம்பீரம் வந்தது.

"கல்லு மட்டும் தெரியணும் மச்சான். என் மூஞ்சி வேணாம்."

"கல்லை மட்டும் எடுத்து? அதுக்கு என்னா மாப்பிள்ளை பாக்கப் போறீங்களா?"

"இங்க ஒரு காலத்துல கடல் இருந்துச்சு மச்சான். இந்தப் பூச்சி அதுல நீந்துனது."

"அரியலூர்ல கடல் இருந்தா நான் எதுக்குக் கருவாட்டுக்குச் சந்தைக்குப் போறேன்?"

"சிரிக்க வைக்காதீங்க, கை ஆடுது. கல்லை மட்டும் எடுங்க, மச்சான்."

எனக்கென்று ஒரு கொள்கை இருக்கிறது. ஆளில்லாத படத்துக்கு என் விரல் அசையாது. கேமராவை மெல்ல மேலே தூக்கினேன். அவர் பார்த்துவிட்டார். "கல்லு! கல்லு! கீழ எறக்குங்க!" என்று கத்தினார். அந்தக் கத்தலில் வாய் நன்றாகத் திறந்திருக்கும்போது அமுக்கினேன்.

"ரோல்ல கடைசிப் படம் மச்சான். அதையும் பாழாக்கிட்டீங்களே."

அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு தடவைதான். படம் கழுவி வந்ததும் என் கடைக்கே கொண்டு வந்து மேஜையில் போட்டார். "இந்தாங்க, உங்க கலையை நீங்களே வச்சிக்கங்க." நான் அதைத் தையல் மிஷினுக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன். சென்னையிலிருந்து வந்த ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். கொடுக்கவில்லை.

இப்போது புரிந்திருக்கும். மலர்க்கொடி கேட்ட பேசுகிற முகம் ஊர் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது. உரித்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என்னமோ சொல்றாரேண்ணே."

"என்னைத் திட்டுறாரு."

"அதானே பாத்தேன்" என்று சிரித்துவிட்டாள். அவர் போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அது அழுகையாகிவிட்டது, அது வேறு விஷயம்.

படத்தில் ஒரு சின்ன விசேஷம் உண்டு. புருவத்துக்கு மேலே தலை இல்லை. நெற்றி, முடி எல்லாம் படத்துக்கு வெளியே நின்றுவிட்டது. பெரிய படக்காரர்கள் அப்படி எடுப்பது உண்டு. பெரிதாக்கிச் சட்டம் போட ஸ்டூடியோவுக்குப் போனோம். ஸ்டூடியோக்காரர் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"யாருங்க எடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

"ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க. கம்ப்யூட்டர்ல நெத்தி நெறைய இருக்கு. இவருக்குப் பொருத்தமா ஒண்ணு வச்சிடலாம். வாயை மூடிடலாம். கல்லை எடுத்துட்டு ஒரு பூங்கொத்து குடுத்துடலாம். கோட்டும் போட்டுடலாம்."

எனக்கு அது சரியென்றே பட்டது. கோட்டு என்றதும் இன்னும் சரியென்று பட்டது. மலர்க்கொடிதான் படத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "வேற ஆம்பள நெத்தியில நான் எதுக்குங்க பொட்டு வைக்கணும்? இருக்குற மாதிரியே பெருசு பண்ணிக் குடுங்க."

காரியத்தன்று படத்துக்கு மாலை போட்டாயிற்று. மலர்க்கொடி சந்தனக் கிண்ணத்தோடு முன்னால் போய் நின்றாள். சந்தனத்தைத் தொட்ட விரல் கண்ணாடி வரைக்கும் போய் நின்றுவிட்டது. புருவம் முடிகிற இடத்தில் மரச்சட்டம் ஆரம்பிக்கிறது, பொட்டு வைக்க இடமில்லை. "ஸ்டூடியோக்காரன் சொன்னப்பவே கேட்டிருக்கலாம்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். அவள் விரலை இன்னும் கொஞ்சம் மேலே கொண்டு போய், இரண்டு புருவத்துக்கும் நடுவில் நேர் மேலே, சட்டத்து மரத்தில் சந்தனத்தை வைத்தாள். அதன் மேல் குங்குமத்தை வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கதானேண்ணே இருக்கும்?"

"அங்கதான் இருந்துச்சு. நான் பாத்துட்டுத்தானே அமுக்குனேன்" என்றேன்.

அவர் எடுத்த படங்கள் எல்லாம் சுவரில் சும்மா தொங்குகின்றன. வாழ்நாளில் நான் எடுத்தது ஒரே ஒரு படம், அதற்குத் தினமும் பூ வைக்கிறார்கள். கலை எது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

கேமராவை எடுத்துக்கொள்ளச் சொன்னாள் மலர்க்கொடி. எனக்கு எதற்கு அந்தச் சனியன்? பிள்ளைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, அந்தச் சுருள் கல்லை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். அதுவும் ரெக்சின் துண்டுகள் காற்றில் பறக்காமல் இருக்கப் பாரம் வைக்கத்தான். மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாயங்காலம் வெயில் வாசல் வழியாகச் சாய்வாக வந்து அதன் மேல் விழும். அப்போது ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் தெரியும், உள்ளே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே போகும். அதையெல்லாம் நான் பார்ப்பதில்லை. எனக்கு வேலை இருக்கிறது.