இரண்டு கை கேட்கும் பூட்டு

தீப்பெட்டியைக் காதருகே வைத்து இரண்டு முறை குலுக்கும் சத்தம். உள்ளே குச்சி இருக்கிறதா என்று திறந்து பார்க்காமல், கேட்டே தெரிந்துகொள்ளும் ஒருவரின் பழக்கம் அது. அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்தெருவில், கட்டிங் மெஷினின் அலறலுக்கும் லாரி ஹாரனுக்கும் நடுவே அந்தச் சின்னச் சத்தம் யார் காதிலும் விழாது. போன ஆடியில் ஒரு காலை என் காதில் விழுந்தது. புத்தம் புது எஸ்யூவி ஒன்றின் டிக்கிக்குள் குப்புறப் படுத்து டேப்பை இழுத்து அளவெடுத்துக்கொண்டிருந்தேன். வண்டியை உள்ளே கொண்டுவந்து விட்டது ஓட்டுநர். வண்டியின் சொந்தக்காரர் எதிர்க்கடையில் டீயை முடித்துக்கொண்டு அப்போதுதான் பட்டறைக்குள் வந்திருக்க வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் சர சர என்றது. இருபத்தாறு ஆண்டுகளாக என் இடது கையில் இல்லாத இரண்டு விரல்களும் ஒரே நேரத்தில் வலித்தன. முகம் மாறும், முடி கொட்டும், குரல் தளரும். இந்தச் சத்தம் மாறவில்லை. புது ரப்பர் வாசனையில் மூக்கைப் புதைத்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் எனக்குள் சொல்லிக்கொண்டேன்: வந்துவிட்டார்.

அவர் எங்கள் சூப்பர்வைசர். இதே எஸ்டேட்டில், இங்கிருந்து நாலு தெரு தள்ளி, தகரம் அடித்துப் பாகங்கள் செய்யும் பிரஸ் ஷாப் ஒன்று இருந்தது. இருபத்திரண்டு வயதில் அங்கே மூன்றாம் நம்பர் பிரஸ் என்னுடையது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வருவேன். அந்த மெஷினுக்கு இரண்டு பச்சைப் பட்டன்கள், வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. தகட்டை உள்ளே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் வெளியே எடுத்து, இரண்டு பட்டன்களையும் ஒன்றாக அமுக்கினால்தான் மேலச்சு இறங்கும். கைகள் இரண்டும் பட்டனில் இருக்கும்வரை அச்சுக்கடியில் கை இருக்க முடியாது. யாரோ ஒரு நல்லவன், எங்கோ உட்கார்ந்து, எங்களைப் பார்க்காமலேயே எங்கள் விரல்களைப் பற்றி யோசித்திருக்கிறான். அதை நினைக்கும்போதெல்லாம் முகம் தெரியாத அந்த மனிதனைக் கும்பிடத் தோன்றும்.

சூப்பர்வைசர் யாரையும் அதட்டியதே இல்லை. எல்லோரையும் 'ராஜா' என்றுதான் கூப்பிடுவார். பிரியம் என்று நினைத்திருந்தேன். யார் பெயரையும் தெரிந்துகொள்ளாமல் காலம் தள்ள அது வசதியான சொல் என்பது பிறகுதான் புரிந்தது. ஆர்டர் நெருக்கிய ஒரு வாரம், என் பக்கத்தில் வந்து நின்றார். தீப்பெட்டியைக் காதருகே குலுக்கினார். ஒரு குச்சியை எடுத்து, இடப்பக்கப் பட்டனைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பட்டனுக்கும் வளையத்துக்கும் நடுவே செருகினார். பட்டன் மேலே எழவில்லை. "இப்ப பாரு ராஜா, ஒரு கை சும்மாதானே இருக்கு? அது அடுத்த தகட்டை வெச்சிடும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அவர் சொன்னது சரிதான். வேலை பறந்தது. என் இடது கை உள்ளே போய் வந்து, போய் வந்து, ஒரு பறவை கூட்டுக்குத் திரும்புவதுபோல் பழகிவிட்டது. மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அது திரும்பி வரவில்லை.

சத்தம் நினைவில்லை. வலியும் நினைவில்லை. நினைவிருப்பது ஒன்றுதான். எல்லோரும் ஓடிவந்து என் கையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையால் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தவர், மற்றக் கையை நீட்டி, நிதானமாக, அந்தக் குச்சியைப் பட்டனிலிருந்து உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் "வண்டியக் கூப்புடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடியோடு வந்தார். "பாத்து வேலை செய்யணும் ராஜா" என்றார், கண் கலங்க. அறிக்கையில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதியிருந்தார். கட்டுப் பிரித்த பிறகு கம்பெனியில் விசாரணை என்று ஒன்று நடந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் அவரும் மேனேஜரும், இந்தப் பக்கம் நான். குச்சியைப் பற்றிச் சொன்னேன். பட்டனில் அதைச் செருகியது யார் என்று சொன்னேன். அவர் மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அப்பாவிக் குழந்தையிடம் கேட்பதுபோல, அவ்வளவு மெல்லக் கேட்டார்: "எந்தக் குச்சி ராஜா?"

அந்த ஒரு கேள்வியை இத்தனை வருஷம் சுமந்திருக்கிறேன். வேலை போனது, போகட்டும். போன இடத்திலெல்லாம் கையைப் பார்த்தார்கள், பிறகு அறிக்கையைக் கேட்டார்கள், பிறகு "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள், அதையும் விடுங்கள். விரலைக்கூட மன்னித்துவிடுவேன், அது இரும்பு செய்தது. அந்தக் கேள்வியைத்தான் முடியவில்லை. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் வேண்டும்: குச்சியைச் செருகியது நான்தான். வெல்டிங் பொறியின் வெளிச்சத்தில், திருமுல்லைவாயில் கேட்டில் ரயிலுக்காகக் காத்திருக்கையில், பெண்ணின் பள்ளி விண்ணப்பத்தில் இடது பெருவிரலால் தாளை அழுத்திப் பிடித்து எழுதுகையில், அந்த வாக்கியத்தை அவர் குரலில் நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் அவர் அழுவார். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவுதான் என் கனவு. வேறு ஆசை பெரிதாக இல்லை.

அந்த மனிதர்தான் இப்போது என் பட்டறையில், மூன்று அடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தாடி நரைத்து, உடம்பு பருத்து, நான் வேறு ஆளாகியிருந்தேன். இடது கையில் எப்போதும் தோல் கையுறை. காலியான இரண்டு விரல்களுக்குள் பஞ்சை அடைத்து வைத்திருப்பேன். விரல் போனவனிடம் வண்டியைக் கொடுக்க யாருக்கும் தயக்கம் இருக்குமல்லவா? எங்கள் தொழில் புதுசு. வானகரம் பக்கத்து அடுக்குமாடிகளில் இருக்கும் ஐடி பிள்ளைகள் கூடாரத்தையும் நாயையும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகிறார்கள். பெரிய வண்டியின் டிக்கியில் கடைசி சீட்டைக் கழற்றிவிட்டு, மேசை டிராயர்போல, சேனல் என்ற இரும்புத் தடத்தின்மேல் வெளியே இழுக்கக்கூடிய ட்ரே ஒன்றைப் பொருத்திக் கொடுப்போம். குனிந்து உள்ளே தலையை விட வேண்டாம். சாமான் தானே வெளியே வரும்.

"இடுப்பு உயரத்துல இழுக்கணும் ராஜா. அண்டாவோட வரணும்" என்றார் சூப்பர்வைசர். சேக்காட்டில் வீடு. சனிக்கிழமைதோறும் கோயில் வாசலில் அன்னதானம் செய்கிறாராம். சாம்பார் அண்டா, சாத அண்டா, இலைக்கட்டு. "என் கையாலயே இழுத்து, என் கையாலயே போடணும். அதுல ஒரு திருப்தி." சொல்லிக்கொண்டே வலது கையால் காற்றை இழுத்துக் காட்டினார். இடது கை வேட்டியோரமாகத் தொங்கியது. போன வருஷம் பக்கவாதம் வந்து அந்தக் கை செத்துவிட்டது என்று ஓட்டுநர் என் காதோடு சொன்னார். சிகரெட்டை டாக்டர் நிறுத்திவிட்டார். கற்பூரம் ஏற்ற என்று தீப்பெட்டி மட்டும் சட்டைப்பையில் தங்கிவிட்டது. "ஒரு கையால தொறக்கிற மாதிரி செஞ்சி குடு ராஜா" என்றார். நான் தலையாட்டினேன். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அவர் போனதும் என் கூட்டாளி வெல்டர் முகமூடியைத் தூக்கினான். "இன்னா மாமே, பேயறைஞ்ச மாரி கீறே?"

"அந்தாளுடா" என்று கையுறையைக் காட்டினேன்.

அவனுக்குக் கதை தெரியும். வாசலை எட்டிப் பார்த்தான். "ஸ்டாப்பர வெக்காத. அம்மாம்தான். இஸ்துகினு வரும்போது ட்ரே கழண்டுகினு, ரெண்டு அண்டாவும் அந்தாளு கால்மேல எறங்கும். சாம்பார் அபிசேகம் மாமே! சேனல் தேஞ்சிபோச்சி, நாங்க இன்னா பண்றதுன்னு சொல்லிக்கலாம்" என்றான்.

சிரித்தேன். பிறகு சிரிக்காமல் யோசித்தேன். ஒரு முழுப் பகல் யோசித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ட்ரே முழுதாக வெளியே வந்ததும் அதைத் தடுத்து நிறுத்தும் ஸ்டாப்பர் என் கட்டைவிரல் அளவுதான். அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிக்கொண்டே மதியம் போனது. கொதிக்கும் சாம்பார், அவருடைய கால், கோயில் வாசல் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அப்புறம் ஒரு காகிதம் வரும். அதில் காரணம் என்ற இடத்தில் ஒரு வார்த்தை இருக்கும், கவனக்குறைவு. அன்று பொய்யாக எழுதியதை என் கையாலேயே உண்மையாக்கிக் கொடுப்பதா? மாட்டேன். ஸ்டாப்பரை எடுத்து, ஒன்றுக்கு இரண்டாகப் பொருத்தினேன்.

அந்த ட்ரேயைப்போல் ஒன்றை நான் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்யவில்லை. வண்டியின் தரையில் புதிதாக ஓட்டை போடவில்லை. சீட்டு நின்ற பழைய போல்ட் துளைகளிலேயே சட்டத்தை உட்கார வைத்தேன். நூற்றைம்பது கிலோ தாங்கும் சேனல். மேலே அலுமினியத் தகடு, அண்டா நழுவாமல் சுற்றிலும் விளிம்பு. ஒவ்வொரு ஓரத்தையும் குழந்தை தடவினாலும் கீறாத அளவுக்கு அரத்தால் ராவினேன். கடைசியாகப் பூட்டு. வலப்பக்கம் ஒரு பட்டன், இடப்பக்கம் ஒரு பட்டன். இரண்டையும் ஒன்றாக அமுக்கினால்தான் ட்ரே நகரும். ஒன்றை விட்டால் அந்த இடத்திலேயே நிற்கும். நடுவில் உள்ள தூரத்தை, ஒரு கை எவ்வளவு விரிந்தாலும் எட்டாதபடி அளந்து வைத்தேன். பட்டனுக்கும் அதன் வளையத்துக்கும் நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளிகூட இருக்கக்கூடாது. அதை மட்டும் மூன்று முறை கழற்றி மறுபடி செய்தேன். "சாமிக்கு நகை செய்ற மாரி செய்றியே" என்றான் வெல்டர். ஆமாம், அப்படித்தான் செய்தேன். வஞ்சம் இவ்வளவு சுத்தமான வேலையை என்னிடமிருந்து வாங்கும் என்று எனக்கே தெரியாது.

வண்டி எடுக்க வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் வந்தார். நெற்றியில் விபூதி. ஓட்டுநர் எதிர்க்கடையில் இருந்தார். டிக்கிக் கதவு மேலே எழுந்ததும் அவர் முகம் மலர்ந்தது. நல்ல வேலையைப் பார்த்தால் தெரிந்துகொள்ளும் கண்தான், அதை மறுக்க மாட்டேன். வலப்பக்கப் பட்டனை அமுக்கி இழுத்தார். வரவில்லை.

"ரெண்டு பக்கமும் அமுக்கணும் சார். சேஃப்டி."

"ஒரு கைன்னு சொன்னேனே ராஜா."

"லோடு நகர்ற எடம் சார். ரெண்டு கையும் பட்டன்ல இருக்கணும்."

சிரித்தார். பழைய சிரிப்பு. தீப்பெட்டியை எடுத்துக் காதருகே இரண்டு முறை குலுக்கினார். பெட்டியைப் பல்லில் கடித்துத் திறந்து ஒரு குச்சியை உருவினார். "இதுக்கு ஒரு வழி இருக்கு. இந்தப் பக்கம் ஒரு குச்சி செருகிட்டா ஒரு கை போதும். யாருக்குத் தெரியப் போவுது?" இடப்பக்கப் பட்டனை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, இரண்டு விரல் இடுக்கில் பிடித்த குச்சியை ஓரத்தில் வைத்து அழுத்தினார். முறிந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் முறிந்தது. மூன்றாவது குச்சியை எடுக்கும்போது நான் கையுறையைக் கழற்றினேன். பஞ்சு கீழே விழுந்தது. என் இடது கையை அந்த அலுமினியத் தகட்டின் மேல், அவர் கண்ணுக்கு நேராக வைத்தேன்.

கையைப் பார்த்தார். முறிந்த குச்சிகளைப் பார்த்தார். பட்டன்கள் இரண்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மூணாம் நம்பர்..." என்றார். பெயர் அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. மெஷின் நம்பர் மட்டும் மறக்கவில்லை.

ட்ரேயை மாற்றிக் கொடு என்று அவர் கேட்கவில்லை. வேறு பட்டறைக்குப் போய்ப் பூட்டைப் பெயர்த்தெடுக்கவும் இல்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமைகளில் கோயில் வாசலில் ஜனம் வரிசையில் நிற்க, டிக்கியின் முன் நின்று, "ராஜா, அந்தப் பக்கத்துப் பட்டன அமுக்கு" என்று ஒவ்வொரு முறையும் குரல் கொடுக்கிறாராம். வேறு வேலையாக வந்த ஓட்டுநர் சொன்னார். இப்போதும் யாராவது தீப்பெட்டியைக் குலுக்கினால் என் கை தானாக மடிகிறது. கூடவே, பத்து கிலோமீட்டர் தள்ளி, டக் டக் என்று இரண்டு பட்டன்கள் ஒன்றாக அமுங்கும் சத்தமும் கேட்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை, ஓட்டுநர் வண்டியைக் கிளப்பிவிட்டார். நான் கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக நின்றேன். முன்சீட்டில் இருந்தவர் கண்ணாடியை இறக்கச் சொன்னார். தீப்பெட்டியை வலது கைக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்தக் குச்சிய..."

"எந்தக் குச்சி சார்?" என்றேன்.