தனிக் குவளை

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து ஊசி போடும் டிரெசர் ஒல்லியான மனிதர். யாராவது வெட்கப்பட்டுப் பேசினால் உடனே கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நம் முகத்தைப் பார்க்காமல் கேட்பதற்கு அவர் வைத்திருந்த வழி அது.

எழுபதுகளில் நான் முப்பது தாண்டிய விதவை. மலைக்குக் கீழே தாப்பா டவுனுக்குத் தேயிலை ஏற்றிப்போகும் லோரிக்காரரோடு எனக்குப் பழக்கம். அவருக்கு டவுனில் வெட்டைச் சீக்கு ஒட்டிக்கொண்டது என்று லயத்தில் பேச்சு வந்ததும் எனக்கு உயிரே இல்லை. எனக்கும் ஒட்டியிருந்தால் மற்றவர்களுக்குப் பரவிவிடுமே என்று, கொழுந்து பறிக்கும் மலையில் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கும் குவளையைத் தொடாமல், தனிக் குவளை கொண்டுபோனேன்.

"தொரசாணி ஆயிட்டாடி!" என்று சிரித்தார்கள். காரணத்தைச் சொல்ல முடியுமா?

கடைசியில் டிரெசரிடம் போய், ஆள் பேரைச் சொல்லாமல், வெட்டைச் சீக்கு எனக்கும் ஒட்டியிருக்குமோ என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னம்மா நடந்துச்சு?"

"கட்டிப் புடிச்சாரு. கன்னத்துல ஒரு முத்தம். அவ்ளோதான் ஐயா."

"வேற ஒண்ணும் இல்லையே?"

"என்னைய என்னன்னு நெனச்சீங்க?"

"கோவிக்காதம்மா, கேட்டாத்தானே தெரியும். அந்தச் சீக்கு ஒண்ணாப் படுத்தாத்தான் ஒட்டும். கட்டிப் புடிச்சா ஒட்டாது, குவளையிலயும் ஒட்டாது. பயப்படாம போம்மா."

மறுநாள் எல்லாரோடும் ஒரே குவளையில் குடித்தேன்.

ஆள் யாரென்று அவர் கேட்கவேயில்லை. லோரிக்காரர் ஊசி போட்டுக்கொண்டதும் அவரிடம்தான். தெரிந்ததால் கேட்கவில்லையா, தெரிய வேண்டாமென்று கேட்கவில்லையா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.