கப்பலில் இரண்டாவது சீட்டு

என் பவுடர் டப்பா காணாமல் போனதில்தான் எனக்கு அந்தக் கப்பல் அறிமுகமாயிற்று. கல்யாணமாகி ஆரணிக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் அலமாரியில் டப்பா இல்லை. அதிலிருந்த பவுடர் மட்டும் செய்தித்தாளில் கொட்டி, பொட்டலமாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. திருடன் இவ்வளவு மரியாதையாக நடந்துகொள்வானா என்று யோசித்தபடி உள்ளறைக்குப் போனேன். என் டப்பா அங்கே ஒரு பலகைமேல் படுத்துக் கிடந்தது. அடிப்பாகத்தை வெட்டி எடுத்து, உள்ளே சிவப்புப் பல்பு ஒன்றை எரியவிட்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"இன்னா பண்ணிகினு இருக்கீங்க?"

"இன்ஜின்," என்றார், தலையைத் தூக்காமல்.

அவருக்கு ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. பகலெல்லாம் ஊரார் ரேடியோவுக்கு உயிர் கொடுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே உள்ளறைதான். விண்வெளிக் கப்பல் ஒன்றின் மாதிரியைக் கட்டிக்கொண்டிருந்தார். எந்த நாட்டுக்காரனும் விட்ட ராக்கெட் இல்லை, எந்தப் படத்திலும் வந்தது இல்லை. அவர் தலைக்குள் மட்டுமே பறந்துகொண்டிருந்த கப்பல். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொரு நட்சத்திரத்துக்குப் போகுமாம். வழியில் எங்கேயும் நிற்காதாம். வேலூர் பஸ்கூட கண்ணமங்கலத்தில் நிற்கிறதே என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் வீட்டில் தறி இருந்தது. மாமியாரும் மாமனாரும் நெய்தது. மாமனார் போனபிறகு, நெசவு தெரிந்த பெண்ணாகப் பார்த்து என்னைக் கட்டி வைத்தார்கள். பட்டுச் சேலைக் கரையில் மாங்காயோ மயிலோ விழவேண்டுமானால், தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் துளை போட்ட அட்டைகளைக் கோத்து மாட்டவேண்டும். துளை இருக்கிற இடம் பார்த்து இழை எழும்பும். டிசைன் பழசாகிவிட்டால் அந்த அட்டைகள் பரணுக்குப் போய்விடும். அந்த அட்டைகளை இறக்கித்தான் இவர் கப்பலுக்கு உடம்பு செய்தார். உள்ளே ரேடியோ முகப்பில் எரியுமே, அந்தச் சின்னப் பல்புகள். ஸ்விட்சைத் தட்டினால் அட்டையிலுள்ள ஒவ்வொரு துளையும் ஒரு ஜன்னலாகிவிடும். பல்பு கொஞ்சம்தான், ஜன்னல் ஆயிரம். அழகாக இருந்தது என்பதை அப்போது நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. பவுடர் டப்பாக் கோபம் தீரவில்லை.

அளவில் மனிதர் ரொம்பக் கறார். கப்பலில் இருக்கும் ஆள் பாதித் தீக்குச்சி உயரம், அவ்வளவுதான். அதை வைத்துத்தான் கதவு, படி, ஜன்னல் எல்லாமே. ஒரு தீக்குச்சியைப் பாதியாக ஒடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். எங்கே எதை ஒட்டினாலும் அந்தக் குச்சியைப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். தன் சட்டை அளவு கேட்டால் மட்டும் அம்மாவைப் பார்ப்பார்.

கப்பலின் மூக்கில் பழைய டார்ச் லைட்டின் கண்ணாடியைப் பதித்திருந்தார். அதற்குப் பின்னால் ஓட்டுகிறவன் அறை. தீப்பெட்டி அட்டையை வெட்டி, கறுப்பு டேப் சுற்றி ஒரு சீட்டு.

"உள்ள எத்தினி பேரு?" என்று கேட்டேன்.

"ஒருத்தன்."

"ஒருத்தனுக்கா இத்தினி ஜன்னலு? ஓடி ஓடி எல்லாத்துலயும் எட்டிப் பாப்பானா?"

"ஓட்டறதுக்கு ஒருத்தன் போதாதா?" என்றார்.

அன்றைக்கு நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் அந்தப் பதில் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

கப்பல் பாதி முடிந்திருந்தபோது அவருக்குக் குவைத்துக்கு விசா வந்தது. அங்கே ஏ.சி., ரேடியோ எல்லாம் ரிப்பேர் பார்க்கிற வேலை. எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் பக்கத்தில் சில வருஷமாகத்தான் ஒருவர் இருவராகக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் ஜல்தி ஜல்தியாக நடந்தது. மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அம்மாவிடம், மாத்திரையை வேளாவேளைக்குப் போடச் சொன்னார். என்னிடம் வந்து, உள்ளறையைக் காட்டி, "அத மட்டும் தொடாத. வந்து நானே முடிச்சிக்கிறேன்," என்றார்.

எனக்கென்று சொன்னது அந்த ஒரு பேச்சுதான். வந்த கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

என் பயத்தை மறைக்காமல் சொல்கிறேன். வெயிலையோ மணலையோ நினைத்து நான் பயப்படவில்லை. போனவர்கள் சிலர் லீவில் வந்ததைப் பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி நாற்காலி நுனியில் உட்காருவார்கள். திரும்பப் போகும் தேதி வந்ததும் முகம் தெளிந்துவிடும். ஒரே ஒரு சீட்டு வைத்துக் கப்பல் கட்டுகிற மனிதர், தனியாக இருந்து பழகி, அதுவே போதும் என்று இருந்துவிடுவாரோ என்பதுதான் என் பயம்.

லீவில் வருகிறவர்கள் மூலம் கேசட் அனுப்புவார். அதைப் போட்டால் அவர் குரல் வரும். மாமியார் டேப் ரெக்கார்டருக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, "சாப்டியாப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பார். அது தன் பாட்டுக்கு வேறு எதையோ பேசும். "பதிலு சொல்றானா பாரு, அப்பனாட்டமே," என்று அலுத்துக்கொள்வார். ஒவ்வொரு கேசட்டிலும் எனக்கு வருவது ஒரே பேச்சு. கப்பலைத் துணி போட்டு மூடி வை, தொடாதே.

நான் தொட்டேன்.

மழைக்காலத்தில் ஈரம் ஏறி, அட்டைகள் சில பிரிந்து தொங்கின. ஒன்றை இழுத்துக் கட்டினேன். கட்டியபிறகு பக்கத்திலிருந்தது கோணலாகத் தெரிந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது. தறியில் நீள இழையான பாவு ஒன்று முடிந்து அடுத்த பாவு வருகிறவரை எனக்கு வேலை இருக்காது. அந்த இடைவெளியிலெல்லாம் உள்ளறையில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒயர்கள் ஏராளமாகத் தொங்கின. புதுப் பாவு வந்தால் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புது இழையைப் பிணைத்துத்தான் தறி ஓட்டவேண்டும். ஆயிரக்கணக்கில் இழை பிணைத்த விரலுக்கு இந்த ஒயர்கள் எம்மாத்திரம்? ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்குத்தான் சிரமப்பட்டேன். விரல் இரண்டு மூன்று தடவை பொசுங்கியது. அதையும் அவர் கணக்கில்தான் எழுதினேன்.

பல்புச் சூட்டில் அட்டை பழுப்பாகாமல் இருக்க, டீத்தூள் பாக்கெட்டின் வெள்ளித்தாளை உள்ளே ஒட்டினேன். மாமியார் முதலில், "அவன் வந்தா கத்தப் போறான், உனக்கு ஏன் இந்த பேஜாரு?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்.

"சோறு எங்க ஆக்குவாங்க இதுல?"

நான் விழித்தேன். நட்சத்திரம்வரை போகிற கப்பலில் அடுப்பு இல்லை. அவர் அப்படி ஒன்றை யோசிக்கவே இல்லை. "தண்ணிக்கு இன்னா பண்ணுவான்?" என்று அடுத்த கேள்வி வந்தது. அன்றிலிருந்து மாமியாரும் என் கட்சி. மருந்து பாட்டில் மூடி தண்ணீர்த் தொட்டியாயிற்று. நடுப்பகுதியில் ஒரு சமையலறை வைத்து, அதற்குத் தனியாக மஞ்சள் பல்பு போட்டேன். பட்டு இழையில் ஒரு கொடி கட்டி, நகம் அளவில் துணிகள் காயப் போட்டேன். பாதித் தீக்குச்சி அளவை மட்டும் மீறவில்லை. அவர் பையில் இருந்ததைப்போல நானும் ஒன்றை ஒடித்து, முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன்.

கடைசியாக மூக்குக்கு வந்தேன். அந்த ஒற்றைச் சீட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை எடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொன்று செய்து வைத்தேன். தீப்பெட்டி அட்டைதான், ஆனால் என் சீட்டுக்கு அரக்குப் பட்டில் உறை. சீட்டு இப்படியும் அப்படியும் திரும்பட்டும் என்று, ஜாக்கெட்டுக்குத் தைக்கிற பிரஸ் பட்டனில் ஒரு பாதியைச் சீட்டின் அடியிலும் மறுபாதியைக் கப்பலின் தரையிலும் ஒட்டினேன். அவர் சீட்டுக்கும் அப்படியே. வைத்து அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும்.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தார். கறுத்து, இளைத்திருந்தார். பெட்டி நிறைய சாமான் இருந்தது, பேச்சுதான் இல்லை. நான் பயந்த மாதிரியே நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் தேங்க்ஸ் என்றார். கட்டின புருஷன் தேங்க்ஸ் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் உள்ளறைக்குப் போனார். நான் வாசற்படியில் நின்றுகொண்டேன். துணியை எடுத்தார். அப்படியே நின்றார். பிறகு ஸ்விட்சைப் போட்டார். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குக் கரண்ட் மந்தமாகத்தான் இருக்கும். ஜன்னல்கள் முதலில் செம்மண் நிறத்தில் எரிந்தன. பிறகு மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தன. மூக்கிலிருந்து வால்வரை ஒன்று விடாமல் எரிந்தது. என் பவுடர் டப்பா சிவப்பாக ஜொலித்தது.

"யாரு முடிச்சது? கடையில யாரையாச்சும் கூப்புட்டியா?"

"நான்தான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்து, பதிலுக்குக் கத்துவதற்கு எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பாதித் தீக்குச்சியை எடுத்தார். குவைத்துக்கும் அது போய் வந்திருக்கிறது! கதவு, படி, அடுப்பு என்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் நிறுத்திப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. கொடித் துணியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

"அங்க காத்தே கெடையாது. துணி எப்புடி காயும்?"

"காயாட்டி போவுது. அதுக்காவ தொவைக்காம கெடப்பாங்களா?"

பிறகு மூக்குக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு சீட்டு இன்னாத்துக்கு?"

"ஒரே ஒரு சீட்ட வெச்சிட்டுதான் நீங்க தனியா கெளம்பிப் போனீங்க," என்றேன்.

சண்டைக்காகச் சொல்லவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குத் தரையில் என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நாற்காலியைத் தேடவில்லை.

லீவு தீர்ந்தது. போகாதீர்கள் என்று சொல்லிவிட எவ்வளவோ தவித்தேன். வீட்டு நிலைமை தெரிந்தவள், வாய் வரவில்லை. "இன்னும் ஒரு தடவ. அதோட வந்துடறேன்," என்றார். போகிறவர்கள் எல்லோரும் சொல்வதுதானே என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

அவர் பஸ் ஏறிப் போன அன்று சாயங்காலம், மனசு கேட்காமல் கப்பலை எரியவிட்டேன். மூக்கில் கறுப்பு டேப் சீட்டு மட்டும் இருந்தது. என் சீட்டு இருந்த இடத்தில் பட்டனின் பாதி மட்டும் பளபளத்தது. விழுந்திருக்கும் என்று தரையில் தவழ்ந்து தேடினேன். எலி இழுத்துப்போயிருக்கும் என்றார் மாமியார். இரண்டு பேரும் பலகையைத் தூக்கிப் பார்த்தோம், பெருக்கிய குப்பையைக் கிளறினோம். கிடைக்கவில்லை. அவருக்கே பிடிக்காமல் பிய்த்துப் போட்டிருப்பாரோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தபிறகு அது போகவே இல்லை. தறியில் உட்கார்ந்தாலும் அதுதான், அடுப்பில் நின்றாலும் அதுதான்.

அடுத்த கேசட் வர நாளாயிற்று. வழக்கம்போல மாமியார் சாப்டியாப்பா என்று கேட்டு, பதில் வராமல் திட்டிவிட்டு எழுந்து போனார். நான் நிறுத்தப் போனேன். டேப்பில் குரல் தாழ்ந்தது.

"உன் சீட்டு என்கிட்டதான் கீது. அந்த பட்டனோட இன்னொரு பாதி கடையில வாங்கி சட்டப் பையில தெச்சிகினேன். கேளு."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு, 'டிக்' என்றது.

அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். டேப் அறுந்துவிடும் என்று மாமியார் அதட்டுகிறவரை.

சொன்னபடி அந்தத் தடவையோடு வந்துவிட்டார். அப்போது ஊரில் வீட்டுக்கு வீடு டிவி வர ஆரம்பித்திருந்தது. பஜாரில் ஒரு சின்னக் கடை போட்டு டிவி ரிப்பேருக்கு உட்கார்ந்தார். வந்த அன்றைக்கே பெட்டியைத் திறக்குமுன் உள்ளறைக்குப் போய், பையிலிருந்து சீட்டை எடுத்து அதன் இடத்தில் வைத்து அழுத்தினார். பட்டு உறை ஓரமெல்லாம் அழுக்கேறிக் கறுத்திருந்தது.

கப்பல் இன்றும் இருக்கிறது. பல்பு எத்தனையோ மாற்றியாயிற்று. சீட்டு இரண்டும் அதே சீட்டுதான். அவருடையது இன்றும் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. என்னுடையது மட்டும் பட்டன் தேய்ந்து லொடலொடவென்று ஆடுகிறது, தொட்டாலே கழன்று வந்துவிடும். புதுப் பட்டன் மாற்றலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு பட்டன் அவ்வளவு தேயவேண்டுமானால் அங்கே அவர் எத்தனை தடவை அதைக் கழற்றி மாட்டியிருக்கவேண்டும் என்று, ஜாக்கெட் போடுகிற எனக்குத் தெரியும்.