இல்லாத டைபாய்டு

ரயில்வே அலுவலகத்தில் இருபது வருடம் உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் ஊறிவிடும். வண்டி பத்து நிமிடம் தாமதமா, விளக்கம் எழுது. கோப்பு ஒன்று காணவில்லையா, விளக்கம் எழுது. மேலிடம் கேட்பதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது. அப்படிப் பழகிய கைதான் என் மகளின் மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தோடும் ஒரு விளக்கக் கடிதத்தைச் சேர்த்து அனுப்பியது. அவளுக்குத் தெரியாமல்.

ஸ்ரீரங்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை வகுப்பில் முதல் மூன்று பேரில் ஒருத்தியாக இருந்தவள், கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி.யில் இரண்டாம் வகுப்பில்தான் தேறினாள். அந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடமில்லை. வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்று மட்டும் சொந்தமாக நுழைவுத் தேர்வு வைத்து, நேர்காணலும் நடத்தி, சிலரை எடுத்துக்கொண்டது. அதற்கு எழுதியே தீருவேன் என்றாள்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

"செகண்ட் கிளாஸை வச்சுக்கிட்டு டாக்டர் சீட்டா சார்? செகண்ட் கிளாஸ் டிக்கெட்டோட ஃபர்ஸ்ட் கிளாஸ்ல ஏறினா நாமளே இறக்கி விட்டுடுவோமே!"

அன்று சாயங்காலமே கடிதம் எழுதினேன். பரீட்சைச் சமயத்தில் மகளுக்கு டைபாய்டு கண்டதாகவும், அதனால்தான் மதிப்பெண் குறைந்ததாகவும் நான்கு பக்கம்.

நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். ஒரு மாதத்தில் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. தேர்வில் மிக நன்றாகச் செய்தவர்களை மட்டுமே அழைப்பதாக அதில் எழுதியிருந்தது. அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கல்லூரிக் குழுவினர் திருச்சிக்கே வந்திருந்தார்கள். மலைக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். மகள் உள்ளே போய்ப் பத்து நிமிடம் இருக்கும், பியூன் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் பொண்ணோட அப்பா யாருங்க? உள்ள கூப்பிடறாங்க."

மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த வயதான லேடி டாக்டரின் கையில் என் கடிதம்.

"டைபாய்டுன்னு எழுதியிருக்கீங்க. எத்தனை நாள் காய்ச்சல்?"

"இருபத்தொரு நாளுங்க."

"என்ன மருந்து குடுத்தாங்க?"

என் கடிதத்தைப் படிப்பவர்கள் டாக்டர்கள் என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. அலுவலகத்தில் என் விளக்கங்களை யாரும் இப்படிக் குடைந்ததில்லை.

"மிக்ஸ்சருங்க... செவப்பா இருக்கும்."

ஓரத்தில் இருந்த இளம் டாக்டர் இருமலை வரவழைத்துக்கொண்டார். என் மகள் என்னைப் பார்த்தாள், பிறகு அந்த அம்மாளைப் பார்த்தாள்.

"மேடம், எனக்கு டைபாய்டு வரலை. காய்ச்சலே வரலை. இப்படி ஒரு லெட்டர் இருக்கறதே எனக்கு இப்பத்தான் தெரியும்."

"அப்ப மார்க் ஏன் குறைஞ்சுது?"

"எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் தமிழ்லதான் படிச்சேன். பி.யு.சி.ல எல்லாம் இங்கிலீஷ். பாடம் புரிஞ்சுது, பக்கம் பக்கமா எழுதத்தான் வரலை. நோட்ஸை மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க, அதுவும் செய்யலை. உங்க டெஸ்ட்ல சரியான விடையைக் குறிச்சாப் போதும். அதனால முடிஞ்சுது."

"எங்க காலேஜ்லயும் இங்கிலீஷ்லதான் பக்கம் பக்கமா எழுதணும்."

"தெரியும் மேடம். பாடத்தைப் படிச்சுட்டு, புஸ்தகத்தை மூடி வச்சு, தினமும் ரெண்டு பக்கம் சொந்தமா எழுதறேன். இப்பக் கேள்வி குடுங்க, எழுதறேன்."

நான் கொண்டுவரும் பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கத்தில் அவள் எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். தோழிக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

லேடி டாக்டர் கடிதத்தை மடித்தார். "அப்பா ஏன் இப்படி எழுதினாரு?"

"பயந்துட்டாங்க மேடம்."

என்னைப் போகச் சொன்னார்கள். அவளிடம் ஒரு தாளும் கேள்வியும் கொடுத்தார்கள்.

திரும்பும்போது பஸ் ஏற இருவருக்கும் தோன்றவில்லை. காவிரிப் பாலத்தில் பாதி தூரம் வந்த பிறகு கேட்டாள்.

"நாலு பக்கமாப்பா?"

"ஆமா."

"என்கிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா நாலு வரியில முடிஞ்சிருக்கும்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த வார்த்தை இன்றும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது. ஒரே வீட்டில்தான் இருந்திருக்கிறேன். மார்க் ஏன் குறைந்தது என்று அவளை ஒரு நாளும் கேட்கவில்லை. நானே ஒரு காரணத்தை ஜோடித்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த மூன்று வாரம் தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். அவள் சீட்டை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று முடிவே கட்டிவிட்டேன். மனைவி மட்டும், "அதான் அவ உண்மையைச் சொல்லிட்டாளே, விடுங்க" என்றாள்.

தபால் வந்தது. இடம் கிடைத்திருந்தது. கூடவே பூர்த்தி செய்து அனுப்ப ஒரு உடல்நலப் படிவம். வழக்கம்போல் பேனாவை எடுத்தேன். அவள் கை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

இதற்கு முன் கடும் நோய் ஏதேனும் கண்டதுண்டா என்று ஒரு கேள்வி. இல்லை என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, மை காய ஊதி, படிவத்தை என் பக்கம் தள்ளினாள்.

"கையெழுத்து மட்டும் போடுங்கப்பா. வேற எதுவும் எழுதிச் சேர்க்காதீங்க."

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சிவப்பு மிக்ஸ்சர் உட்பட. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சொல்ல வந்தது அந்த ஹாலில் அவள் நின்ற நிற்பை. அதைச் சொல்லும்போது என் குரல் உடைந்துபோனது. அவரும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.