மேட்டுப்பாத்தியில் காய்த்த வெண்டைக்காய்

எங்கள் அப்பா ஊருக்கே விஷம் விற்கிறார் என்பது எனக்கு மூன்றாம் வகுப்பில்தான் தெரியவந்தது.

அதுவரை அவர் காய்கறி விற்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரம் சாலைச் சந்தையில் அவருக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து லாரியில் வரும் மூட்டைகளைப் பிரித்து, நல்லதை முன்னாலும் சுமாரானதைப் பின்னாலும் அடுக்கிவைப்பார். விற்காமல் மிஞ்சுவது எங்கள் வீட்டுக்கு வரும். கரமனையில் ஒரு தாழ்வான வாடகை வீட்டில் அப்பா, அம்மா, நான், நடக்கப் பழகிக்கொண்டிருந்த தம்பி என நான்கு பேரும் அந்த மிச்சத்தில்தான் வளர்ந்தோம். வாடினதில் ருசி அதிகம் என்று அம்மா சொல்வாள். வேறென்ன சொல்ல முடியும்?

அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் டீச்சர் எல்லோருக்கும் விதைப் பொட்டலம் கொடுத்தார். வீட்டிலேயே காய்கறி போட வேண்டும், தமிழ்நாட்டிலிருந்து லாரியில் வருவதெல்லாம் மருந்தடித்த காய், அதைத் தின்றால் வயிற்றுக்குள் மெல்ல மெல்ல நோய் வளரும் என்றார். மலையாளத்தில்தான் சொன்னார். விஷம் என்ற சொல்லுக்கு மட்டும் எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. பக்கத்தில் இருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "நின்டெ அச்சன்டெ கடயில் அதல்லே?" என்று கேட்டாள். உன் அப்பா கடையில் இருப்பது அதுதானே என்று. கெட்ட எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டாள். நான்தான் விதைப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு குனிந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்பா வந்ததும் வழக்கம்போல என் கன்னத்தைத் தடவினார். அந்தக் கையில் ஒரு வாடை இருந்தது. சாக்கும் பச்சைக்காயும் வேர்வையும் கலந்த வாடை. பிறந்ததிலிருந்து எனக்குப் பழக்கமானது அது. அன்றைக்கு அதுவே விஷத்தின் வாடை ஆகிவிட்டது. நான் முகத்தை இழுத்துக்கொண்டேன். குளியலறைக்கு ஓடிப்போய் சோப்புப் போட்டுக் கன்னத்தைக் கழுவினேன்.

டீச்சர் சொன்னதை வீட்டில் சொல்லிவிட்டு, காய்கறி தின்பதையும் நிறுத்திவிட்டேன். சாம்பாரில் கிடக்கும் கத்தரிக்காயைத் தட்டோரமாக ஒதுக்கிவிடுவேன். அம்மா அதட்டிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். "ஏ மக்ளே, இதத் தின்னுதான் நானும் உங்கம்மையும் வளந்தோம். எங்களுக்கு என்னட்டி ஆச்சு?" என்றார் அப்பா. இனிமேல்தான் ஆகப்போகிறது என்று எனக்குத் தெரியும். டீச்சர்தான் சொல்லியிருந்தாரே, மெல்ல மெல்ல என்று.

மோரும் சோறுமாக இருந்து, ஒருநாள் பள்ளியில் காலை அசெம்பிளியில் கண் இருட்டி விழுந்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அப்பா விஷயத்தைக் கேட்டார். அலமாரியிலிருந்த விதைப் பொட்டலத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செரி, நாமளே போட்டுப் பாப்போம்" என்றார்.

காய்கறிக் கடைக்காரன் வீட்டில் காய்கறித் தோட்டம் என்றால் சந்தையில் சிரிப்பார்கள். சிரித்தார்கள் என்றுதான் பிற்பாடு கேள்விப்பட்டேன்.

எங்கள் பின்முற்றம் மழை பெய்தால் குளமாகிவிடும். தரையில் எதை நட்டாலும் அழுகும். அதனால் மேட்டுப்பாத்தி கட்ட வேண்டும் என்று அடுத்த வீட்டுச் சேச்சி யோசனை சொன்னாள். நான்கு பக்கமும் தடுப்பு வைத்து, உள்ளே அடியில் உரித்த தேங்காய் மட்டைகளைக் கவிழ்த்துப் போட்டு, மேலே சருகும் சாணமும் மண்ணும் நிரப்பினால் தண்ணீர் கீழே வடிந்துவிடும். பலகை விற்கிற விலைக்குத் தடுப்புக்கு எங்கே போவது? அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா கடையிலிருந்து பழைய தக்காளிப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தார். காசு செலவில்லாத பலகை. முகத்தில் அப்படி ஒரு பெருமை.

நான் வீறிட்டு அழுதேன். விஷம் வந்த பெட்டி அது. அதில் மண் போட்டால் மண்ணும் விஷம், செடியும் விஷம். அப்பா ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் பலகையுமாக நின்றார். நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே தெருவோரம் வைத்துவிட்டு வந்தார். நிமிர்ந்து யாரையும் பார்க்கவில்லை.

பிறகு சேச்சி வீட்டு விறகுப்புரையைப் பிரித்தபோது இறக்கிவைத்த பழைய ஓடுகள் கிடைத்தன. அவற்றைச் செங்குத்தாக மண்ணில் புதைத்துத் தடுப்பாக்கினோம். முற்றத்தில் ஒன்று, கிணற்றுக்குப் பின்னால் ஒன்று என இரண்டு பாத்திகள். அப்பாவுக்குக் காயைத் தொட்டாலே எந்த ஊர்க் காய் என்று தெரியும். செடியைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. பொட்டலத்திலிருந்த பயற்று விதைகளை ஓரமாக ஊன்றிவிட்டு, சேச்சி தந்த வெண்டை நாற்றுகளை நெருக்கி நெருக்கி, இம்மி இடம் விடாமல் நட்டார்.

"கடையில அடுக்குத மாதிரி நடாதீங்கோ, அதுக்கும் மூச்சு விடாண்டாமா?" என்றாள் அம்மா. எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நட்டோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த மழைக்காலத்தில் நான் பயமில்லாமல் இருந்தது அந்த ஒரு பொழுதுதான் என்று நினைக்கிறேன்.

காய்த்தது. ஒரு கைப்பிடி வெண்டைக்காய், கொஞ்சம் பயற்றங்காய். அம்மா தனியாக வதக்கித் தந்தாள். பயந்து பயந்து ஒரு துண்டை வாயில் வைத்தேன். மெல்ல விழுங்கினேன். ஒன்றும் ஆகவில்லை.

அப்புறம் நத்தை வந்தது. கைமுட்டி அளவுள்ள பெரிய நத்தைகள். மழை இரவுகளில் மதிலேறி வந்து, காலையில் பார்த்தால் இலை இருந்த இடத்தில் வெறும் நரம்பு நிற்கும். அப்பா உப்பைத் தூவினார், மழை கரைத்தது. மறுபடி தூவினார். முற்றத்துப் பாத்தி மொட்டையாகிவிட்டது. இனி என்ன தின்பேன் என்று அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

நல்லவேளை, கிணற்றுக்குப் பின்னால் இருந்த பாத்திக்கு நத்தை போகவில்லையாம். அம்மா சொன்னாள். அங்கே நான் போகக் கூடாது என்றும் சொன்னாள். மழைக்குத் தேங்காய் மட்டைக்குள் பாம்பு வந்து சுருண்டு கிடக்குமாம். பாம்பு என்ற பிறகு நான் கிணற்றுப் பக்கம் தலைவைத்துப் பார்ப்பேனா? நான் பல் தேய்க்க எழுந்து வரும்போது அடுக்களைப் படியில் சின்னக் கூடையில் வெண்டைக்காயும் பயற்றங்காயும் ஈரத்தோடு, ஆங்காங்கே மண் ஒட்டி இருக்கும். "இப்பதான் பறிச்சேன்" என்பாள் அம்மா.

அதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு பாத்திரம். எவர்சில்வர் கிண்ணத்தில் பாத்திக்கறி, எனக்கும் தம்பிக்கும். அலுமினியச் சட்டியில் கடைக்கறி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும். அப்பா தன் தட்டை என் தட்டிலிருந்து ஒரு முழம் தள்ளியே வைத்துக்கொள்வார்.

என் பயம் தீரவில்லை, இடம் மாறியது. எனக்கு இனி ஒன்றும் ஆகாது, அப்பாவுக்குத்தான் ஆகும். அவர் ஒவ்வொரு கவளமாக விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருமினால் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவருவேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் அசந்து தூங்கும்போது மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். சூடான காற்று விரலில் பட்டால் விளையாடப் போவேன்.

ஆவணி பிறக்கிற சமயத்தில் அப்பா காய்ச்சலில் விழுந்தார். சந்தைத் தண்ணீரில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் வருவதுதான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி மாத்திரை தந்தார்கள். நான் அதை நம்பவில்லை. அப்பா வாந்தியெடுத்தார். கண் மஞ்சளாகத் தெரிந்தது. மெல்ல மெல்ல வளர்ந்த நோய் வெளியே வந்துவிட்டது, இனி அப்பா இருக்க மாட்டார். இதை யாரிடமும் சொல்ல முடியாமல் கதவுக்குப் பின்னால் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அம்மா எனக்குச் சோறு போட்டாள். எவர்சில்வர் கிண்ணத்தில் வெண்டைக்காய்ப் பொரியல். நான் அதைத் தொடவில்லை. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அப்பா படுத்திருந்த பாயருகே போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, இது கடையில உள்ளது இல்ல. நம்ம பாத்தியில உள்ளது. இதத் தின்னுங்கோ. சாவாண்டாம் அப்பா."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். அம்மா சட்டென்று திரும்பி அடுக்களைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். கழுவ அங்கே ஒரு பாத்திரமும் இல்லை. அப்பா வாயைத் திறந்தார். தண்ணீர்கூடத் தங்காத வயிறு அன்று. ஆனாலும் நான் ஊட்ட ஊட்ட, ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்றார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காய்ச்சலில் கண் எரியும் என்று அம்மா சொல்லியிருந்ததால் நான் துடைத்துவிட்டேன்.

அப்பா பிழைத்துக்கொண்டார். மாத்திரைக்குத் துளியும் பங்கில்லை, பாத்திதான் காப்பாற்றியது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இனி அவரும் அம்மாவும் எவர்சில்வர் கிண்ணத்திலிருந்துதான் சாப்பிட வேண்டும் என்று உத்தரவும் போட்டேன். அலுமினியச் சட்டி பரணில் ஏறியது.

போன வருடம் என் குடியிருப்பின் பால்கனியில் வெண்டை விதை ஊன்றிக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சாவகாசமாகச் சொன்னாள். கிணற்றுப் பாத்தியையும் நத்தை முதல் வாரமே தின்று தீர்த்துவிட்டது. இரண்டு பாத்திரத்துக்கும் காய் வந்தது ஒரே சாக்கிலிருந்துதான். மூட்டை பிரித்ததும் முதல் தரமானதை அப்பா விற்காமல் ஒதுக்கிவைப்பார். மருந்து போகட்டும் என்று கடையிலேயே அதைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவி, வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையில் நான் எழும்முன் பாத்தி மண்ணில் லேசாகப் புரட்டிக் கூடையில் போடுவார். அலுமினியச் சட்டிக்கு உள்ளதை அப்படிக் கழுவச் சொன்னதில்லை. மண் எனக்காக. புளித்தண்ணீர் யாருக்காக என்று நான் அம்மாவிடம் கேட்கவில்லை. டீச்சர் சொன்னதை என்னைவிட அதிகமாகப் பயந்து கேட்டவர் அப்பாதான். பயந்துகொண்டே மறுநாளும் கடையைத் திறந்தார்.

அப்பா காய்ச்சலிலிருந்து எழுந்த அந்த வருடம் ஓணத்துக்கு மழை விட்டதும், பாம்பு போய்விட்டதென்று அம்மா சொன்ன பிறகு, நான் கிணற்றுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சாய்ந்த ஓடுகள், காய்ந்த நத்தைக் கூடுகள், ஒரு மொட்டைத் தண்டு. பாவம், இருந்ததையெல்லாம் எங்களுக்கே கொடுத்துவிட்டது என்று பாத்தியைத் தடவிக்கொடுத்தேன். அன்று சாயங்காலம் அப்பா வந்து கன்னத்தைத் தொட்டபோது முகத்தை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தேன். புளி மணத்தது. அப்பாவின் விஷமெல்லாம் போய்விட்டது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.